முதலில் கூட்டம், அப்புறம் கூரை: கிளீவ்லாந்து தியேட்டர்கள் மீண்டு வந்த விதம்

1970 பிப்ரவரி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கிளீவ்லாந்து நகரம். பள்ளிக்கல்வித் துறையில் வேலை பார்த்த ரே ஷெபர்ட்சன் என்ற இளைஞர், ஆசிரியர் கூட்டம் நடத்த இடம் தேடி, ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஸ்டேட் தியேட்டருக்குள் போனார். தியேட்டர் நடத்திய அனுபவம் எதுவும் அவருக்குக் கிடையாது, கையில் காசும் கிடையாது. உள்ளே பார்த்ததை அவரால் விட்டுவிட்டு வர முடியவில்லை. கொஞ்ச நாளில் பள்ளி வேலையை விட்டார். அடுத்த ஒன்பது வருஷம் அந்தத் தெருவிலேயே கழிந்தது.

இன்று அந்தத் தெருவையொட்டி ஐந்து பழைய தியேட்டர்களும் உயிரோடு இருக்கின்றன. வருஷத்துக்கு 10 லட்சம் பேர் வந்துபோகிறார்கள். நியூயார்க்கின் லிங்கன் சென்டருக்கு அடுத்தபடியாக அமெரிக்காவிலேயே பெரிய நிகழ்த்துகலை வளாகம் என்று இதைச் சொல்கிறார்கள். பாழடைந்த தியேட்டர்களை மீட்க நினைக்கும் எந்த ஊர்க்காரரும் இந்தக் கதையைக் கடைசி வரை படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே வேலை நடந்த வரிசை, நாம் வழக்கமாக நினைக்கும் வரிசைக்கு நேர் எதிரானது. நாம் பணம் சேர்த்து, கட்டடத்தைச் சரிசெய்து, பிறகு திறப்பு விழா வைப்போம். அவர்கள் காரை உதிர்ந்துகொண்டிருந்த கட்டடத்துக்குள் முதலில் ஆட்களைக் கூட்டினார்கள்.

ஒரே இடத்தில் ஐந்து

முதல் உலகப்போர் முடிந்த கையோடு ஜோசப் லரோன்ஜ் என்ற நில வணிகர், யூக்ளிட் அவென்யூவில் 14ஆவது தெருவுக்கும் 17ஆவது தெருவுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தியேட்டர், கடை, அலுவலகம் எல்லாம் சேர்ந்த ஒரு மையமாக்கத் திட்டமிட்டார். பிளேஹவுஸ் ஸ்கொயர் என்று அதற்குப் பெயர் வந்தது. 1921 பிப்ரவரியில் ஸ்டேட் தியேட்டரும் ஒஹாயோ தியேட்டரும் சில நாள் இடைவெளியில் திறந்தன. மார்ச் கடைசியில் ஹன்னா, ஏப்ரல் தொடக்கத்தில் ஆலன், 1922 நவம்பரில் பேலஸ். இரண்டு வருஷம் முடிவதற்குள் ஐந்து தியேட்டர்கள்.

ஐந்தும் ஒரே வேலைக்குக் கட்டியவை இல்லை. ஆலன் மௌனப்படத்துக்கென்றே கட்டப்பட்டது, 3,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஸ்டேட்டில் படமும் உண்டு, இடையில் ஆட்டம், பாட்டு, கோமாளித்தனம் எல்லாம் கலந்த வாடவில் நிகழ்ச்சிகளும் உண்டு. பேலஸ் வாடவிலுக்காகவே எழுந்த மாளிகை. ஒஹாயோவும் ஹன்னாவும் நாடக அரங்குகள். இந்த வேறுபாடு அன்றைக்கு வெறும் வியாபாரக் கணக்கு. அறுபது வருஷம் கழித்து அதுவே பெரிய கொடுப்பினையாக அமைந்தது. வாடவிலுக்காகக் கட்டிய தியேட்டரில் திரைக்குப் பின்னால் உண்மையான மேடை இருக்கும், ஒப்பனை அறைகள் இருக்கும், திரைச்சீலையை மேலே தூக்கும் உயரமும் இருக்கும். சினிமா போனாலும் அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு வேலை தெரியும்.

ஸ்டேட் தியேட்டரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தாமஸ் லாம்ப் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, பக்கத்து ஒஹாயோவும் அவர் வேலைதான். ஸ்டேட்டின் அரங்கம் மனையின் பின்பக்கம் தள்ளி இருக்கிறது. ஆனால் வாசல் யூக்ளிட் அவென்யூவில்தான் இருக்க வேண்டும். கூட்டம் நடமாடும் தெரு அதுதான், பெயர்ப்பலகை மின்ன வேண்டியதும் அங்கேதான். அதனால் தெருவிலிருந்து அரங்கம் வரை ஒரு நீண்ட கூடம் போட்டார்கள். நீளம் 320 அடி. ஐந்து கிரிக்கெட் பிட்சுகளை வரிசையாகப் போட்டால் ஏறக்குறைய அவ்வளவு வரும். உலகத்திலேயே நீளமான தியேட்டர் முன்கூடம் என்று அதைச் சொல்கிறார்கள். அதன் சுவர்களில் ஜேம்ஸ் டாகர்ட்டி நான்கு பெரிய ஓவியங்கள் தீட்டினார். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று கண்டத்துக்கு ஒன்று. அமெரிக்காவுக்கு அவர் கொடுத்த கலை சினிமா. டிக்கெட் வாங்கியவர் இருக்கைக்குப் போய்ச் சேரும் முன்பே உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிடுவார். படம் தொடங்குவதற்கு முன்னாலேயே கொடுத்த காசில் பாதி வசூலாகியிருக்கும்.

விளக்கு அணைந்தது

தியேட்டர்கள் செத்ததற்கு டிவியை மட்டும் குற்றம் சொல்வது வழக்கம். டிவிக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அதற்கு முன்பே அடித்தளம் ஆடிவிட்டது. 1948ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படம் எடுக்கும் பெரிய ஸ்டுடியோக்களே தியேட்டர்களையும் கையில் வைத்திருக்கும் முறை போட்டிக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது. அதுவரை ஸ்டுடியோவின் படம் அதன் சொந்தத் தியேட்டருக்குத் தானாக வந்து சேரும். தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தொப்புள்கொடி அறுந்தது. தீர்ப்பு சரியானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 3,000 இருக்கை கொண்ட நகர மாளிகைகள் அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் தாங்களே சம்பாதித்துத் தாங்களே சாப்பிட வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் ஊரும் கலைந்தது. 1950ல் கிளீவ்லாந்தின் மக்கள்தொகை 9,14,808. 1970ல் 7,50,903. 1980ல் 5,73,822. வசதி இருந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள், கார் நிறுத்த இடம் உள்ள புதிய தியேட்டர்களும் அவர்கள் பின்னாலேயே போயின. 1966ல் ஹஃப் பகுதியிலும் 1968ல் கிளென்வில்லிலும் இனக் கலவரங்கள் வெடித்தன. இருட்டிய பிறகு நகர மையத்துக்கு வரவே ஆட்கள் தயங்கினார்கள். 1964ல் ஒஹாயோ தியேட்டரின் முன்கூடம் தீயில் போயிருந்தது.

1968 மே மாதம் ஆலன் மூடப்பட்டது. 1969 பிப்ரவரியில் ஸ்டேட்டும் ஒஹாயோவும், ஜூலையில் பேலஸ். ஒன்றேகால் வருஷத்துக்குள் நான்கும் இருண்டன. ஹன்னா மட்டும் நாடகங்களை வைத்து 1980களின் கடைசிப் பகுதி வரை தாக்குப்பிடித்தது. இதற்கு நடுவில், 1969 ஜூனில்தான் ஊரின் குயஹோகா ஆறு எண்ணெய்க் கழிவில் தீப்பிடித்து எரிந்தது. ஆறே எரிகிற ஊர் என்று நாடு முழுக்கச் சிரித்த வருஷம் அது.

பூட்டிய தியேட்டர் எப்படிப் பாழாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் செலவு அப்போதுதான் புரியும். அந்த மேற்கூரை அலங்காரம் எல்லாம் கல்லோ மரமோ கிடையாது. வார்ப்பில் ஊற்றி எடுத்த பிளாஸ்டர். இரும்பு வலையில் அப்பி, கட்டடத்தின் சட்டங்களிலிருந்து கம்பியால் தொங்கவிட்டிருப்பார்கள். ஆள் புழங்கும் வரை அது நூறு வருஷமும் நிற்கும். பனி கொட்டுகிற ஊரில் சூடேற்றியை நிறுத்திவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். மொட்டைமாடி வடிகாலில் குப்பை சேர்ந்து தண்ணீர் தேங்கும். ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் பிளாஸ்டர் அதைக் குடிக்கும், கனக்கும், கம்பி துருப்பிடிக்கும். ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பாளம் அப்படியே இருக்கைகள் மேல் விழும். விழுந்த ஓட்டை வழியே அடுத்த மழை இன்னும் தாராளமாக உள்ளே வரும். கட்டடத்தை இடிக்க ஆள் வேண்டாம், இரண்டு மூன்று குளிர்காலம் சும்மா விட்டாலே போதும்.

ஓட்டைக் கூரையின் கீழே பாட்டு

ஷெபர்ட்சன் உள்ளே போன அதே மாதம், லைஃப் பத்திரிகை டாகர்ட்டியின் சினிமா ஓவியத்தை அட்டையில் போட்டது. நாடே பார்த்த அந்தப் படம் பூட்டிய தியேட்டரின் சுவரில் இருட்டில் கிடந்தது. 1970 ஜூலையில் அவர் ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். 1971 நவம்பரில் புடாபெஸ்ட் சிம்பனி இசைக்குழுவை ஆலன் தியேட்டருக்குக் கூட்டிவந்தார். மூன்றரை வருஷம் மூடிக் கிடந்த அரங்கம். ஆள் வரமாட்டார்கள் என்று ஊரே சொன்ன தெரு. டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது.

இந்த ஒரு ராத்திரி என்ன செய்தது என்பதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அன்று வரை தியேட்டரைக் காப்பாற்றச் சொன்னவர்கள் பேசியது கடந்த காலத்தை, அழகை, வரலாற்றை. எதிர்ப்பக்கம் பேசியது கணக்கை. அந்த ராத்திரிக்குப் பிறகு இந்தப் பக்கத்திலும் ஒரு கணக்கு இருந்தது: கூப்பிட்டால் ஆள் வருகிறார்கள்.

ஆனால் அதற்குள் ஆபத்து கதவைத் தட்டியது. 1972 மே மாதம், ஸ்டேட்டையும் ஒஹாயோவையும் இடித்து வாகன நிறுத்துமிடம் ஆக்கும் திட்டம் வெளியே வந்தது. இடத்துக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. காலிக் கட்டடத்துக்கு வரி கட்ட வேண்டும், காவல் போட வேண்டும். தரைமட்டமாக்கிக் கோடு போட்டுவிட்டால் செலவில்லாமல் தினம் காசு வரும். அமெரிக்க நகர மையங்களில் பல நூறு தியேட்டர்களைத் தின்றது இந்த எளிமையான கணக்குதான்.

அப்போது ஜூனியர் லீக் என்ற பெண்கள் சேவை அமைப்பு 25,000 டாலர் கொடுத்தது. அதன் அன்றைய தலைவர் லெய்னி ஹேடன். மொத்தத் திட்டத்துக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை ஒரு தூசு. ஆனால் ஊரில் மதிப்புள்ள குடும்பங்களின் பெண்கள் பணம் போட்டார்கள் என்ற செய்திக்கு வேறொரு எடை இருந்தது. அதுவரை ஓர் இளைஞனின் பித்து என்று பார்க்கப்பட்ட விஷயம் ஊர்க் காரியம் ஆகிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம். 3,000 இருக்கை அரங்கைச் சீர்செய்யவோ நிரப்பவோ யாருக்கும் தெம்பு இல்லை. ஆனால் அந்த 320 அடி முன்கூடம் இருக்கிறதே! அரங்கத்தை விட்டுவிட்டு, முன்கூடத்தில் மேஜை நாற்காலி போட்டார்கள். பெல்ஜியப் பாடகர் ழாக் ப்ரெலின் பாடல்களை வைத்துத் தொடுத்த ஓர் இசை நிகழ்ச்சியை 1973 ஏப்ரலில் தொடங்கினார்கள். சில வாரம் ஓட்டலாம் என்பது திட்டம். பார்வையாளர்கள் கையில் கோப்பையோடு, டாகர்ட்டியின் ஓவியங்களுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். அது 1975 ஜூன் வரை ஓடியது, மொத்தம் 522 காட்சிகள்.

வந்தவர்கள் பாட்டைக் கேட்டதோடு போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மேலே பார்த்தார்கள். மிச்சமிருந்த தங்கப் பூச்சையும் உதிர்ந்த காரையையும் ஒன்றாகப் பார்த்தார்கள். நன்கொடைக் கடிதத்தில் எத்தனை பத்தி எழுதினாலும் வராத உணர்வு அது. பளபளவென்று செப்பனிட்ட பிறகு கூப்பிட்டிருந்தால் அவர்கள் வெறும் ரசிகர்களாக வந்து போயிருப்பார்கள். பாழாய்க் கிடந்தபோதே கூப்பிட்டதால் அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்கள் ஆனார்கள்.

யார் பெயரில் பத்திரம்?

பாட்டு மட்டும் கட்டடத்தைக் காப்பாற்றிவிடாது. 522 காட்சி ஓடினாலும் கட்டடம் வேறொருவர் கையில் இருந்தால், அடுத்த குத்தகை முடியும்போது மறுபடி இடிப்பு நோட்டீஸ் வரலாம். 1973ல் பிளேஹவுஸ் ஸ்கொயர் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு உருவானது. தியேட்டர்களுக்கு நீண்டகாலக் குத்தகை வாங்குவதும் பணம் திரட்டுவதும் அதன் வேலை. 1977ல் குயஹோகா கவுண்டி நிர்வாகம் ஸ்டேட்டும் ஒஹாயோவும் இருந்த கட்டடத்தை விலைக்கு வாங்கியது. நம் வழக்கில் சொன்னால் மாவட்ட நிர்வாகம் மாதிரி. கட்டடம் பொதுச்சொத்து, நடத்துவது தனி அமைப்பு என்று பிரிந்தது. அன்றிலிருந்து வாகன நிறுத்துமிடப் பேச்சு ஓய்ந்தது.

1978ல் நான்கு தியேட்டர்களும் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தன. மத்திய அரசின் பொருளாதார மேம்பாட்டு நிதியிலிருந்து 31 லட்சம் டாலர் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் கிளீவ்லாந்து மாநகராட்சி வங்கிக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது. 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு அப்படித் திவாலான முதல் பெரிய அமெரிக்க நகரம் அதுதான். ஊர் கஜானா காலியாக இருக்கும்போது பழைய தியேட்டருக்குப் பணமா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள், அது நியாயமான கேள்வியும்கூட. என் பதில் இது: மாநகராட்சி ஒன்றையே நம்பியிருந்தால் அந்த டிசம்பரோடு எல்லாம் முடிந்திருக்கும். கவுண்டி, மாநில அரசு, மத்திய அரசு, உள்ளூர் அறக்கட்டளைகள், நிறுவனங்கள், டிக்கெட் வாங்கியவர்கள் என்று சுமை பல தோள்களில் இருந்ததால்தான் ஒரு தோள் சாய்ந்தபோது பல்லக்கு கீழே விழவில்லை.

ஷெபர்ட்சன் 1979ல் வெளியேறினார். பிறகு வேறு பல ஊர்களில் பழைய தியேட்டர்களை மீட்கும் வேலையில் இருந்தார், 2014ல் காலமானார். கட்டடத்தைக் காப்பாற்றிய கை வேறு, அதற்குப் பிறகு வந்த கட்டுமான நிர்வாகக் கை வேறு. இரண்டுக்கும் வேறு வேறு சுபாவம் தேவைப்பட்டது.

1982 ஜூலையில் ஒஹாயோ முதலில் திறந்தது. அது சிறியது, ஏறக்குறைய 1,000 இருக்கை. சின்னதில் ஆரம்பித்தது புத்திசாலித்தனம். பக்கத்து லேக்வுட் ஊரில் ஒரு பள்ளி அரங்கில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த கிரேட் லேக்ஸ் ஷேக்ஸ்பியர் விழாக் குழு அங்கே குடிவந்தது. திறந்த நாளிலேயே நிரந்தர வாடகைதாரர் கிடைத்தாயிற்று. 1984ல் ஸ்டேட். இதன் பழைய மேடை பெரிய ஆபராவுக்கும் பாலேவுக்கும் போதாது என்பதால், பின்பக்கம் 70 லட்சம் டாலரில் புது மேடைக்கூடமே கட்டிச் சேர்த்தார்கள். பழமையைத் தொடக்கூடாது என்ற பிடிவாதம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பார்வையாளர் கண்ணில் படும் பக்கம் 1921, திரைக்குப் பின்னால் 1984. 1988ல் பேலஸ், 1998ல் முழுச் சீரமைப்போடு ஆலன், கடைசியாக 2008ல் ஹன்னா.

சுவரை எப்படிப் பழையபடி ஆக்குகிறார்கள் என்பதில் ஒரு பொறுமையான கைவேலை இருக்கிறது. முதலில் கூரை, வடிகால், சூடேற்றி. நனைவது நிற்கும் வரை ஒரு பூவையும் தொடமாட்டார்கள். பிறகு ஈரம் காயக் காத்திருப்பு. அலங்காரம் என்பது திரும்பத் திரும்ப வரும் வடிவம்தானே? இருபது பூங்கொத்தில் பதினெட்டு விழுந்திருந்தாலும் மிச்சமுள்ள இரண்டில் நல்லதைப் பார்த்து அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் புதிய பிளாஸ்டரை ஊற்றிப் பதினெட்டையும் வார்ப்பார்கள். நிறத்துக்கு, சின்னக் கத்தியால் சுவரில் ஒரு காசளவு இடத்தைச் சுரண்டுவார்கள். மேலே ஒரு பெயின்ட், அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே சிகரெட் புகை படிந்த இன்னொன்று. வளையம் வளையமாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது திறப்பு விழா அன்று இருந்த நிறம்.

அச்சு எடுக்க மாதிரியே இல்லாவிட்டால்? ஒஹாயோவின் முன்கூடம் அப்படித்தான். 1964 தீயில் எல்லாம் போய்விட்டதால் 1982 திறப்பில் அதைப் பழைய உருவத்தில் கொண்டுவர முடியவில்லை. 2016ல்தான், தியேட்டர் திறந்து 34 வருஷம் கழித்து, 1921 வடிவத்தில் முன்கூடத்தைத் திரும்பக் கட்டினார்கள். அவசரப்படாமல் விட்டுவைத்தது நல்லது. பணம் இல்லாத காலத்தில் ஒப்புக்கு ஒன்றைச் செய்து முடித்திருந்தால் அதுவே நிலைத்திருக்கும்.

காலியாகக் கிடந்த பக்கத்து வீடுகள்

ஸ்டேட், ஒஹாயோ, பேலஸ் ஆகியவற்றை மீட்க ஏறக்குறைய 4 கோடி டாலர் ஆயிற்று. நல்ல செய்திதான், ஆனால் ராத்திரி 10 மணிக்கு நாடகம் முடிந்து ஜனம் வெளியே வந்தால் தெருவில் என்ன இருந்தது? காலிக் கடைகள், இருண்ட மாடிகள். தியேட்டர் மட்டும் மின்னினால் வந்தவர் நேராகக் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்.

இங்கே அந்த ஃபவுண்டேஷன் செய்த காரியம் மற்ற ஊர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று. அது நில வணிகத்தில் இறங்கியது. சுற்றியுள்ள அலுவலகக் கட்டடங்களை வாங்கியது, வாடகைக்கு விட்டது, பராமரித்தது. 1995ல் அங்கே ஓட்டல் வந்தது. காலப்போக்கில் 10 லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட இடம் அதன் கைக்கு வந்தது. 2020ல் 34 மாடி, 318 வீடுகள் கொண்ட லூமன் குடியிருப்பைக் கட்டி முடித்தது. ஒரு நாடக அமைப்பு எதற்கு அடுக்குமாடி கட்டவேண்டும் என்று தோன்றலாம். டிக்கெட் வருமானம் நல்ல நாடகம் வந்தால் ஏறும், இல்லையென்றால் இறங்கும். வாடகை மாதாமாதம் வரும். அது மட்டும் இல்லை, மேலே ஜன்னலில் விளக்கு எரிகிற தெருவில் ராத்திரி நடக்கப் பயம் இருக்காது. 1920ல் லரோன்ஜ் திட்டமிட்டதும் தியேட்டரும் கடையும் அலுவலகமும் சேர்ந்த ஒன்றுதான். நூறு வருஷம் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

2014 மே மாதம் தெருவின் நடுவில், திறந்த வானத்தின் கீழே, 20 அடி உயர சரவிளக்கு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். 4,200 படிகத் துண்டுகள். விளம்பரத்துக்கான காட்சிதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. டிக்கெட் வாங்காதவரும் அதன் கீழே நடந்து போகலாம்.

போனவை

இந்தக் கதையை வெற்றி என்று மட்டும் எழுதினால் நேர்மையாக இருக்காது. அதே யூக்ளிட் அவென்யூவில், கொஞ்சம் மேற்கே, ஹிப்போட்ரோம் என்று ஒரு தியேட்டர் இருந்தது. 1907ல் திறந்தது, அன்றைய உலகின் மிகப் பெரிய மேடைகளில் ஒன்று அதில் இருந்தது. 1981ல், அதாவது ஒஹாயோ மீண்டும் திறப்பதற்கு ஒரே வருஷம் முன்னால், அதை இடித்து வாகன நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். நகர மையத்தில் மற்றவை மூடிய பிறகும் படம் ஓட்டிக்கொண்டிருந்த தியேட்டர் அது. அதனாலேயே அதற்கென்று ஒரு கூட்டம் திரளவில்லையோ என்று நான் நினைப்பதுண்டு. முழுசாகப் பூட்டியிருந்தால் யாராவது ஓடிவந்திருப்பார்கள். தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்ததால் அது இன்னும் இருக்கிறது என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஏரிக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட்டில் நடந்தது இன்னும் கொடுமை. 1926ல் திறந்த மிச்சிகன் தியேட்டர், 4,000 பேர் உட்கார்ந்த மாளிகை, 1976ல் மூடப்பட்டது. இடித்தால் ஒட்டியிருக்கும் அலுவலகக் கட்டடம் பலவீனமாகும் என்பதால் இடிக்காமல் உள்ளேயே மூன்றடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டினார்கள். மேல்தளத்தில் காரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் தலைக்கு மேல் அந்தப் பழைய அலங்காரக் கூரை, பாதி உதிர்ந்தபடி. ஹென்றி ஃபோர்டு 1896ல் தன் முதல் வண்டியைச் செய்த பட்டறை இருந்த மனை அது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

கிளீவ்லாந்திலேயே மீட்ட தியேட்டர்கள் எல்லாம் முழுசாக மீளவில்லை. 3,000 இருக்கைக்கு மேல் இருந்த ஆலனை 2011ல் உள்ளே தடுத்து, ஏறக்குறைய 500 இருக்கை அரங்காகச் சுருக்கினார்கள். கிளீவ்லாந்து பிளேஹவுஸ் நாடகக் குழுவும் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகமும் அங்கே வந்தன. ஹன்னாவும் அப்படியே சுமார் 550 இருக்கையாகச் சிறுத்தது. தினமும் மாணவர்கள் புழங்கும் 500 இருக்கை, மாதம் ஒருமுறை நிரம்பும் 3,000 இருக்கையை விடக் கட்டடத்துக்கு நல்லது. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் மௌனப்படம் பார்க்க மூவாயிரம் பேர் ஒன்றாக மூச்சுவிட்ட அந்த அகலத்தை இனி யாரும் பார்க்க முடியாது. அது ஓர் இழப்புதான்.

ஊரும் தியேட்டர்களோடு சேர்ந்து மீண்டுவிடவில்லை. 2020 கணக்கெடுப்பில் கிளீவ்லாந்தின் மக்கள்தொகை 3,72,624. ஷெபர்ட்சன் அந்தக் கதவைத் திறந்த நாளில் இருந்ததில் பாதிதான். ஐந்து தியேட்டர் ஒரு நகரத்தின் தொழிற்சாலைகளைத் திரும்பக் கொண்டுவராது. அப்படி வாக்குறுதி கொடுத்து யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். அவை கொண்டுவந்தது மூன்று தெரு நீளத்துக்கு வெளிச்சம், அதைச் சுற்றி வேலை, ராத்திரியில் ஜன நடமாட்டம்.

இத்தனையிலும் சினிமா எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான், ஆரம்பத்தில் படம் பார்க்கத்தானே ஜனம் இங்கே வந்தது. 3,000 இருக்கை ஒற்றைத் திரைக்குத் தினசரி வருமானம் கிடையாது என்பதால், மீட்ட பிறகு இவை நாடகம், இசை, நடனம் என்று மேடைக் கலைகளை நம்பியே பிழைத்தன. கோடையில் பழைய படங்களைத் திரையிடும் வழக்கம் மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு கிளீவ்லாந்து சர்வதேசத் திரைப்பட விழா தன் இருப்பிடத்தை மாற்ற முடிவு செய்தது. அதற்கு முன்பு வரை ஒரு வணிக வளாகத்தின் மல்டிபிளெக்ஸில் நடந்த விழா அது. 2022ல் விழா பிளேஹவுஸ் ஸ்கொயருக்கு வந்தது. யூக்ளிட் அவென்யூவின் பழைய அரங்குகளில் விளக்கை அணைத்து, மறுபடியும் வரிசையாகப் படம் போட்டார்கள்.